போர்வெல் தண்ணீர் வீட்டுக்குக் கீசர்: வாங்குவதிலிருந்து காப்பீடு வரை

தாத்தா வீட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் விறகும் கொட்டாங்கச்சியும் போட்டு எரித்தால் வீட்டுக்கே வெந்நீர். அப்பா பிறப்பதற்கு முன்பிருந்து, நான் கல்லூரி போகும்வரை உழைத்தது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிவந்து நான் வாங்கிய முதல் கீசர் மூன்றாவது வருடமே அடியில் ஒழுகியது. கழற்ற வந்த மெக்கானிக் உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் செதில்களை வாளியில் கொட்டிவிட்டு, "ராடு எப்ப சார் மாத்துனீங்க?" என்றார். எந்த ராடு என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு கற்றுக்கொண்டவை இவை.

படி 1: கடைக்குப் போகும் முன் குழாயைப் பாருங்கள்

உங்களுக்கு வருவது காவிரியா, போரா, டேங்கரா? ஷவர் துளைகளில் வெள்ளை அடைக்கிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியென்றால் கடினநீர், அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் அதிகமுள்ள தண்ணீர். டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மைக்குத் தனியாகச் சோதனைத் தாள் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் தண்ணீர் 200-ஐத் தாண்டினால் கீழே ராடு பற்றிச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: எத்தனை லிட்டர்?

60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு 20 டிகிரிப் பச்சைத் தண்ணீர் 15 லிட்டர் கலந்தால், 40 டிகிரியில் 30 லிட்டர் கிடைக்கும். ஆக, வாளியில் குளிக்கும் ஒருவருக்கு 15 லிட்டர் கீசர் தாராளம். ஷவர் என்றாலோ, பள்ளிக்கூட அவசரத்தில் இரண்டு மூன்று பேர் வரிசையில் நின்றாலோ 25 லிட்டர். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நிமிடத்துக்கு 2 லிட்டரைத்தான் 20 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். பாத்திரம் கழுவப் போதும், டிசம்பர் ஷவருக்குப் போதாது.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

படி 3: பெட்டியில் என்ன பார்ப்பது?

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நட்சத்திரங்கள், சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதற்கு. குளிப்பதற்கு முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. போர் தண்ணீருக்கு நான் பார்ப்பது கண்ணாடிப் பூச்சுள்ள டேங்க், அந்த டேங்க் அரிக்காமல் காக்கும் தடித்த ஆனோட் ராடு (மெக்கானிக் கேட்ட ராடு இதுதான்). மாடிக் குடியிருப்பில் 8 பார் அழுத்தம் தாங்குவதா என்றும் கேளுங்கள். மேலே டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார். பிரஷர் பம்ப் இருந்தால் அது தனி.

படி 4: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைத்தால் அழகுதான், ஆனால் ராடை இறக்க அடியில் இடம் விடுங்கள். முதல் முறை வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தொடர்ந்து வந்த பிறகுதான் சுவிட்ச். காலி டேங்கில் போட்டால் சூடேற்றும் காயில் கருகிவிடும்.

இன்னொன்று. சூடேறும்போது தண்ணீர் விரிவதால் சேஃப்டி வால்வில் கொஞ்சம் சொட்டும். "லீக் ஆகுது" என்று அதை எம்-சீல் போட்டு அடைக்கும் பிளம்பர்களைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் குக்கர் வெயிட்டை ஆணியடித்து நிறுத்துவது போன்ற வேலை அது.

படி 5: பராமரிப்பு

ஆனோட் ராடு பெரும்பாலும் மெக்னீசியம். டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. அது தீர்ந்த நாளிலிருந்து தண்ணீர் டேங்கைத் தின்னும். போர் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஒரு முறை, மார்கழிக்கு முன்னால், கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ புதிது போடுங்கள்.

மெக்கானிக் வந்தால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: மின்பெட்டியில் எம்.சி.பி. சுவிட்சை அணைப்பது, தண்ணீர் ஆறவிடுவது, உள்வரும் வால்வை மூடி டேங்கை வடிப்பது, அடித்தட்டைக் கழற்றி உப்பை எடுப்பது, காயிலைச் சுத்தம் செய்வது, புது கேஸ்கெட் போட்டு மூடுவது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டால் அடுத்த மாதம் அவரையே கூப்பிடுவீர்கள்.

தெர்மோஸ்டாட்டை 55–60-இல் வையுங்கள். அதற்கு மேல் போனால் உப்பு வேகமாகப் படியும். வெதுவெதுப்பாகவே வைத்தால் கிருமி வளரும். உள்ளே பொரிகிற சத்தம், சூடேற நேரம் கூடுவது, செம்மண் நிறத் தண்ணீர் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குழாயில் லேசாகச் சுரீர் என்றால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி 6: வாரன்டி, ஏ.எம்.சி., காப்பீடு

மூன்றும் வேறு வேறு. வாரன்டி அட்டையில் டேங்குக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம், மற்றதற்கு ஒரு காலம் என்று இருக்கும். பொடி எழுத்தில் தண்ணீரின் கடினத்தன்மை வரம்பும் ராடு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். என் டேங்க் அங்கேதான் மாட்டிக்கொண்டது. பாக்கி வாரன்டி செல்லாமல் போனது. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தால் ராடும் கேஸ்கெட்டும் அதில் சேர்த்தியா, வெறும் விசிட் மட்டுமா என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டுக் காப்பீட்டில், 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பாலிசி. கீசரோ குழாயோ வெடித்துத் தண்ணீர் கொட்டி வீடும் சாமானும் நாசமானால் அதில் கேட்கலாம். துருப்பிடித்து ஓட்டையான கீசருக்கே பணம் வராது, அது தேய்மானம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பில், சர்வீஸ் ரசீது, மாட்டிய அன்று எடுத்த போட்டோ ஆகியவற்றை மெயிலில் போட்டு வையுங்கள்.

நான் கடைசியாக ராடு மாற்றிய தேதியைக் கீசர் மேலேயே மார்க்கரில் எழுதியிருக்கிறேன். குளிக்கப் போகும் விருந்தாளிகள் எல்லாரும் அது என்ன தேதி என்று கேட்கிறார்கள்.