தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மாலைப் பொழுது: நான் செய்த, நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஏதாவது ஒரு பித்து இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாடித் தோட்டம், காகித மடிப்பு, பொம்மலாட்டம், ஊர்ப் பாட்டிகளிடம் தாலாட்டுச் சேகரிப்பது, எதுவாகவும் இருக்கலாம். ஆண்டுதோறும் அதே ‘அம்மா, ஆடு’ என்று தொடங்குகிறவருக்கு, எழுத்துத் தெரியாமல் விழிக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் தவிப்பு மெல்ல மறந்துபோகிறது. புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கித் தடுமாறும் ஆசிரியருக்கு அது மறப்பதில்லை.

என் பித்து பறவைகள். ஈராசிரியர் பள்ளிகளிலேயே பெரும்பாலும் வேலை பார்த்தவன் நான். இந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொண்ட ஆண்டுகளில் நானும், உடன் பணியாற்றியவர்களும் இடறிய இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, தள்ளிப்போடுவது. ‘மே மாத விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஐந்து ஆண்டுகள் சொன்னேன். மே மாதத்தில் பயிற்சி வகுப்பு வரும், மாணவர் சேர்க்கைக்காக வீடுவீடாகப் போக வேண்டியிருக்கும், தேர்தல் ஆண்டென்றால் அந்தப் பணியும் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றுமே போதும், ஒரு விடுமுறையை விழுங்க. பெரிய ஓய்வுக்குக் காத்திருக்காதீர்கள். பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் இருபது நிமிடம்தான் எனக்குக் கிடைத்த நேரம். வயல் வரப்பில் நின்று ஆள்காட்டிக் குருவியை முதன்முதலில் அடையாளம் கண்டதும் அந்த நடையில்தான்.

அடுத்தது, பள்ளியைப் பையில் போட்டு வீட்டுக்குச் சுமந்து வருவது. நாற்பது ஏட்டுகளை இரவு பத்து மணிக்குத் திருத்தினால் பிள்ளைக்கு மறுநாள் கிடைப்பது சிவப்புக் கோடு மட்டுமே. அதையே வகுப்பில் பிள்ளையை அருகில் நிறுத்தி, நாளுக்கு எட்டு ஏடு என்று திருத்தினால் எங்கே தவறியது என்று அவனுக்குப் புரிகிறது. மாலையும் நமக்கு மிஞ்சுகிறது. குரலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்பிக்கிறவர், இரைச்சலுக்கு மேலே கத்துவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் தொண்டை கட்டிவிடும். பாட்டும் கதையும் உங்கள் பித்து என்றால் இழப்பு இரட்டிப்பு. கைதட்டலையோ ஒரு சிறு மணியையோ அமைதிக்கான குறியாகப் பழக்குங்கள். மேசை மேல் தண்ணீர் இருக்கட்டும்.

பித்தை வகுப்புக்குள் கொண்டுவரும்போது

நான் மிகவும் வருந்தும் தவறு இங்கேதான் நடந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், ‘தூக்கணாங்குருவிக் கூடு கொண்டுவந்தால் பேனா பரிசு’ என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். கீழே உதிர்ந்து கிடக்கும் பழைய கூடுகளை எடுத்து வருவார்கள் என்று நினைத்தேன், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மேசையில் பதினோரு கூடுகள் இருந்தன. தொரட்டியால் ஓலையோடு அறுத்திருந்தார்கள். மூன்றில் முட்டைகள், ஒன்றில் இறகு முளைக்காத குஞ்சுகள். பிள்ளைகள் பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். குஞ்சுகள் மாலைக்குள் செத்துப்போயின. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டை என்றே வகைப்படுத்துகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஆர்வம் எதுவானாலும், அதற்குப் பரிசு, போட்டி, மதிப்பெண் என்று எதையும் கட்டாதீர்கள். பிள்ளைகள் பொருளை மறந்து பரிசைப் பிடித்துக்கொள்வார்கள்.

மறு ஆண்டு கூட்டை வகுப்புக்குக் கொண்டுவராமல் பிள்ளைகளைக் கூட்டுக்கு அழைத்துப் போனேன். கிணற்றின் மேல் சாய்ந்த கருவேல மரத்துக்கு முப்பதடி தள்ளி நின்று எண்ணினோம். இருபத்துமூன்று கூடுகள். அவற்றில் ஒன்பது தலைகீழாகக் கவிழ்த்த சட்டிபோலப் பாதியில் நின்றன. ‘இதை மட்டும் ஏன் முடிக்கவில்லை, சார்?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன், அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து விளக்கினேன். பின்னுவது ஆண் குருவி. பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்தால்தான் ஆண் மீதியை முடித்து நுழைகுழலை நீட்டும். பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்ற ஊர்ப்பேச்சும் அன்று வந்தது. களிமண் உருண்டை ஒட்டுவது உண்மை, விளக்கு கதை என்று பேசி முடித்தோம். அந்தப் பருவம் முழுவதும் கழித்தல் கணக்குக்கு எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பையன் ‘செண்பகம்’ என்று எழுதியதை அடித்து ‘செம்போத்து’ என்று திருத்தினேன். இரண்டும் ஒரே பறவைதான். அவன் வீட்டில் வழங்கும் பெயரை, நான் அப்போதுதான் புத்தகத்தில் படித்த பெயரால் அடித்தேன். இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்று பிள்ளைகள் சொல்ல, கரிச்சான்தான் சரி என்று வாதிட்டதும் உண்டு. புதிதாகக் கற்றவனின் அவசரம் அது. இப்போது எங்கள் சுவர் அட்டவணையில் முதல் பத்தி பிள்ளைகள் சொல்லும் பெயருக்கு, இரண்டாவது பத்திதான் புத்தகப் பெயருக்கு.

பணம் நுழையும்போது

தனிப்பயிற்சி வகுப்பு எடுப்பது பலருக்கு இயல்பான பக்க வருமானமாகத் தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆவது பிரிவு அதை நேரடியாகத் தடுக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973இன்படி முன் அனுமதி இல்லாமல் வணிகத்திலோ வேறு வேலையிலோ இறங்கக் கூடாது. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பது விசாரணையில் செல்லாது. காணொளி அலைவரிசையோ, புத்தகமோ, கைவினைப் பொருள் விற்பனையோ, வருமானம் வரும் வாய்ப்பு இருந்தால் தொடங்குவதற்கு முன்பே வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

விதியை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காப்பீடு, சீட்டு, சங்கிலித் தொடர் விற்பனை என்று பெற்றோரிடம் போய் நிற்காதீர்கள். தன் பிள்ளை உங்கள் கையில் இருக்கும்போது எந்தத் தாயும் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டாள். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து அவள் எடுத்துத் தரும் ஐந்நூறு ரூபாயை விருப்பத்தோடு தந்ததாக எண்ணிக்கொள்வது பெரும் பிழை.

கைப்பேசியும் அப்படியே. பிள்ளை தவறாக எழுதியதை, தப்பாக உச்சரித்ததைப் படம்பிடித்துப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்தும் அந்தக் காணொளி இருக்கும். நான் கூடுகளைப் படம் எடுக்கிறேன், பிள்ளைகளின் முகங்களை எடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்தபோது, ஏழு ஆண்டுப் பறவைக் குறிப்பேடுகளை எல்லாம் என் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எந்த மாதம் எந்தப் பறவை அந்தக் குளத்துக்கு வந்தது என்பதில் பாதியைப் பிள்ளைகள்தான் பார்த்துச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகள் கழித்தே உறைத்தது. நகலெடுத்துக்கொண்டு பழைய பள்ளிக்குப் போனேன், அங்கே புதிய தலைமையாசிரியை வாங்கி அலமாரியில் வைத்தார். இப்போதைய பள்ளியில் தொடக்கம் முதலே இரண்டு ஏடுகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஐந்தாம் வகுப்பின் கையெழுத்தில் நிரம்புகிறது, ஜூன் மாதம் அடுத்த ஐந்தாம் வகுப்புக்குக் கைமாறுகிறது.