எல்லாமே அவசரம் என்ற பட்டியலைக் குறைத்த விதம்

மொபைல் ஆப்பில் அடுத்து எதைச் செய்வது என்று கூடினால், உரக்கப் பேசுபவர் கேட்டதே ஜெயிக்கும். அந்தக் கூட்டத்தை, அதாவது திட்டமிடல் பட்டறையை, நடத்தும் வரிசையை மாற்றியதும் அது சரியாயிற்று. முதலில் யாரும் பேசக்கூடாது. அவரவர் சீட்டில் எழுத வேண்டும். அதுவும் அம்சத்தின் பெயரை அல்ல, பயனர் எங்கே தடுமாறுகிறார் என்பதை. 'டார்க் மோட்' என்று எழுதியவர் 'இரவில் திரை கண்ணைக் கூசுகிறது' என்று மாற்றினார். உடனே, அதற்கு வேறு எளிய வழி உண்டா என்று பேச்சு திரும்பியது.

அப்புறம் ஓட்டு: ஆளுக்கு மூன்று புள்ளி ஸ்டிக்கர், முக்கியம் என்று நினைக்கும் சீட்டில் ஒட்ட வேண்டும். மேலதிகாரி கடைசியில்தான் ஒட்டுவார். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உழைப்பு எவ்வளவு ஆகும் என்பதை டெவலப்பர்கள் மட்டுமே சொல்வார்கள்.

லாகின் போன்றவற்றுக்கு ஓட்டு விழாது. ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-இல் முன்வைத்த, வாடிக்கையாளர் திருப்தி பற்றிய மாதிரியில் இவை 'கட்டாயம்' என்ற வகை: இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் கோபம் வரும். அவற்றை ஓட்டுக்கு விடாமல் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.