பூச்சு பூசும் முன்பே ஸ்மார்ட் சுவிட்சை முடிவு செய்யுங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது டைல்ஸையும் பெயின்டையும் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். போனிலிருந்தே இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்சை மட்டும் குடிபோன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அப்போது சுவர் மூடியிருக்கும். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முக்கியமானது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். சாதாரண சுவிட்சுக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயர் போதும். ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கென்று கொஞ்சம் மின்சாரம் வேண்டும், ஆகவே நியூட்ரலும் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அந்தக் கருப்பு ஒயர் ஏற்கெனவே வந்திருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில், குறிப்பாக மேலிருந்தும் கீழிருந்தும் போடும் மாடிப்படியின் டூ-வே சுவிட்சில், பல வீடுகளில் இருக்காது.

எங்கள் மாடிப்படியில் அப்படித்தான் ஆனது. நியூட்ரல் தேவைப்படாத சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டினோம். அந்த வகை தனக்கு வேண்டிய மின்சாரத்தை பல்பு வழியாகவே இழுக்கும். 9 வாட் எல்இடி பல்பு அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மினுக்கிக்கொண்டே இருந்தது. சுவரில் காடி வெட்டியிருந்த நாளில் ஒரு ஒயர் கூடுதலாக இழுத்திருந்தால் முடிந்திருக்கும்.

நியூட்ரல் இல்லை என்பதற்காகப் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க விடாதீர்கள். ஆர்சிசிபி என்பது மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி. அதன் வழியாகப் போன மின்சாரம் இன்னொரு வழியில் திரும்பினால், கசிவு என்று கருதி அது டிரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைன் உள்ள வீட்டில் இந்தக் குழப்பம் சுலபமாக வந்துவிடும். எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பழைய சுவிட்சையே ஸ்மார்ட்டாக்க அதன் பின்னால் வைக்கும் சின்ன மாட்யூலை வாங்குவதானால், மெட்டல் பாக்ஸின் ஆழத்தை அளந்து பாருங்கள். ஒயர்களை நெருக்கித் திணித்தால் சூடாகும்.

அப்புறம் ஃபேன். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை ஃபேனுக்குக் கொடுக்கக் கூடாது. மோட்டார் இரையும், சூடேறும். ரிமோட்டில் ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டரே வேண்டாம், வெறும் ஆன்-ஆஃப் போதும். விளக்கிலும் டிம்மர் போடுவதென்றால், பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று போட்டிருக்கும் எல்இடியைத்தான் வாங்க வேண்டும்.

ஸ்மார்ட் பல்பு வாங்கிச் சாதாரண சுவிட்சோடு வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுப் பெரியவர்கள் வழக்கம்போல சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அதோடு பல்புக்கு மின்சாரமே போய்விடும், போனில் எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. சுவரில் உள்ள சுவிட்ச் கையாலும் வேலை செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரண்ட் போய் வந்தால் சுவிட்ச் எந்த நிலைக்குத் திரும்பும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிந்து குழந்தை எழுந்துகொள்வது பெரிய தொல்லை. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். இந்த சுவிட்சுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இயங்கும். அந்த சிக்னல் கான்கிரீட் தாண்டி மாடி அறைக்கு எட்டுகிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம்.

பூச்சுக்காரர் வருவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் பைப் எங்கே போகிறது என்று பிறகு தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.