ஊஞ்சலுக்கு முன்னால் கடிதம்: எஃப்எஸ்ஏ, எச்எஸ்ஏ பணத்தில் குழந்தைக்கு சென்சரி பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்று டிசம்பர் 27. அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கில் 180 டாலர் மிச்சம். எங்கள் கம்பெனியில் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் வசதி கிடையாது, விட்டால் போச்சு. தெரபி கூடத்தில் பையன் சுருண்டு படுத்துக்கொள்வானே, அதே மாதிரி லைக்ரா துணி ஊஞ்சல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். எஃப்எஸ்ஏ கார்டு மறுபேச்சில்லாமல் வேலை செய்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "புடவையில தூளி கட்டினா ஆகாதாடா?" என்றார். கேட்டிருக்கலாம்.

பிப்ரவரியில் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்திடமிருந்து மெயில். ரசீதும் மருத்துவத் தேவைக் கடிதமும் அனுப்பு, இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கட்டு. குழந்தை டாக்டரிடம் ஓடிப்போய்க் கடிதம் வாங்கி அனுப்பினேன். அதில் பிப்ரவரி தேதி, பொருள் வாங்கியது டிசம்பர். நிராகரித்துவிட்டார்கள்.

கார்டு வேலை செய்தாலே ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நினைத்தது முதல் தவறு. கடையில் பணம் போகும், கேள்வி பிறகுதான் வரும். "எஃப்எஸ்ஏ தகுதி உண்டு" என்று விற்பவர் ஒட்டியிருக்கும் லேபிளும் அப்படித்தான், அது விளம்பரம். அமெரிக்க வரிச் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: நோயைக் கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க ஆன செலவா இது? பொதுவாக உடம்புக்கு நல்லது என்பது போதாது. எடைப் போர்வை, அழுத்தம் தரும் உள்சட்டை, குழந்தை கடிப்பதற்கான சங்கிலி, காதை மூடும் மஃப் எல்லாமே சாதாரணக் குழந்தையும் பயன்படுத்தக்கூடிய பொருட்கள். உங்கள் குழந்தைக்கு அது சிகிச்சை என்று காட்டுவது கடிதம்தான்.

அந்தக் கடிதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். "சென்சரி பொருட்கள் (தொடுதல், சத்தம் போன்ற புலன் சிரமங்களைக் குறைப்பவை) இவனுக்கு உதவும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவந்தால் செல்லாது. என்ன நோய்நிலை, எந்தப் பொருள், அது எந்தச் சிரமத்தைக் குறைக்கும், எவ்வளவு காலத்துக்கு என்று நான்கும் இருக்க வேண்டும். "ஆட்டிசம் உள்ள இக்குழந்தைக்கு உறங்கும் முன் ஏற்படும் பதற்றத்தைக் குறைக்க, எடைப் போர்வை, தினமும் இரவில், 12 மாதம்" என்பது போல. தேதி, பொருள் வாங்கும் நாளுக்கு முந்தியது. 'சென்சரி பிராசஸிங் டிசார்டர்' (புலன் உணர்வுகளைக் கையாள்வதில் சிக்கல்) என்று மட்டும் எழுதினால் சிக்கல் வரலாம். மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் அது தனி நோயாக இல்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) என்று கண்டறிந்திருந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள். அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் கையெழுத்தைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில டாக்டர்தான் வேண்டும் என்னும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் கடிதம் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. நாமே சொன்ன விவரத்தை வைத்து மட்டும் எழுதிய கடிதம் சாதாரணச் செலவை மருத்துவச் செலவாக்கிவிடாது என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

கடிதம் இருந்தாலும் முழு விலையும் கிடைக்கும் என்றில்லை. பிரெய்ல் புத்தகத்தில் சாதாரணப் பதிப்பைவிட எவ்வளவு கூடுதலோ அதுமட்டும்தான் மருத்துவச் செலவு என்கிறது ஐஆர்எஸ்ஸின் 502-ஆம் வெளியீடு. தையல் உறுத்தாத சாக்ஸ், லேபிள் இல்லாத சட்டை போன்றவற்றுக்கு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் சாக்ஸ் வாங்கித்தானே ஆக வேண்டும்?

எச்எஸ்ஏ என்பது வருடம் முடிந்தாலும் பணம் போகாத மருத்துவச் சேமிப்புக் கணக்கு. அதை வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி வேறு மாதிரி. அங்கே யாரும் ரசீது கேட்க மாட்டார்கள், அதனாலேயே துணிச்சல் வந்துவிடும். ஐஆர்எஸ் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகைக்கு வருமான வரி, 65 வயதுக்குக் கீழே என்றால் மேலே 20 சதவீத அபராதம். கடிதத்தையும் ரசீதையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். நல்ல பக்கமும் உண்டு. கணக்கு தொடங்கிய பிறகு ஆன செலவை எத்தனை வருடம் கழித்தும் எடுத்துக்கொள்ளலாம், டிசம்பர் அவசரம் இல்லை. ஆனால் கணவருக்கு எச்எஸ்ஏ, மனைவி ஆபீசில் எல்லா மருத்துவச் செலவுக்குமான பொது எஃப்எஸ்ஏ என்று இரண்டையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். மனைவியின் எஃப்எஸ்ஏ கணவரின் செலவுக்கும் உதவும் என்பதால், கணவர் எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியையே இழப்பார். டிபெண்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ என்பது டேகேர் செலவுக்கு, அதில் ஊஞ்சல் வாங்க முடியாது.

2026-க்கு எஃப்எஸ்ஏ உச்சவரம்பு 3,400 டாலர். கம்பெனி அனுமதித்தால் 680 வரை அடுத்த ஆண்டுக்குப் போகும், அல்லது இரண்டரை மாத அவகாசம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது, இரண்டுமே இல்லாத கம்பெனிகளும் உண்டு. நவம்பரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் டாக்டர் அப்பாயிண்ட்மென்ட்டுக்கு நேரம் இருக்கும்.

என் 180 டாலர் கதை? அதே வருடத்தில் சொந்தப் பணத்தில் கட்டிய வேறு மருத்துவச் செலவைக் காட்டி ஈடுகட்டலாம் என்று கஸ்டமர் கேரில் ஒரு பெண் சொன்னார். தெரபிக்கு ஒவ்வொரு தடவையும் 30 டாலர் கோ-பே, அதாவது இன்சூரன்ஸ் போக நம் பங்கு, கட்டியிருந்தேன். அதற்குக் கடிதமே தேவையில்லை. கார் டேஷ்போர்டுக்குள் கிடந்த கார்டு சீட்டுகள் செல்லாது என்றதும் தெரபி கூடத்துக்கு போன் போட்டு, தேதி, குழந்தை பெயர், சிகிச்சை விவரத்துடன் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். ஆறு வருகை, 180 டாலர். இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது.