கேரல் ரவுண்டுக்கும் மொட்டைமாடிக்கும் ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்: பார்த்து வாங்குவது எப்படி?

மதுரைப் பக்கம் கிட்டார் பழகுகிற பலருக்கு முதல் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) தேவைப்படுவது பெரிய மேடைக்காக இருக்காது. டிசம்பரில் சர்ச் பசங்களோடு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்டு, மொட்டைமாடியில் ஒரு பிறந்தநாள், கொடைக்கானலுக்கு ஒரு ட்ரிப், இப்படித்தான் ஆரம்பிக்கும். கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை வாட்ஸ்ண்ணே?" என்றுதான் நாம் கேட்போம். அந்தக் கேள்வியை மூன்றாவதாக வையுங்கள்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்தக் கிட்டார்?

எலெக்ட்ரிக் ஆம்பும் அக்கூஸ்டிக் ஆம்பும் வெளியே ஒரே மாதிரிப் பெட்டிகள்தான். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஸ்பீக்கர், கீச்சென்ற மேல் சத்தங்களைப் பெரும்பாலும் வெளியே விடாது. டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ராக் சத்தம்) காதைக் கிழிக்காமல் இருப்பதே அதனால்தான். பிக்கப் (கம்பி அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் பாகம்) வைத்த அக்கூஸ்டிக்கை அதில் சொருகினால், போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல மங்கிக் கேட்கும். அக்கூஸ்டிக் வைத்திருப்பவர்கள் ட்வீட்டர் (மேல் சத்தங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) உள்ள, 'அக்கூஸ்டிக்' என்றே போட்டு விற்கிற ஆம்பைக் கேளுங்கள். கிட்டாரில் பிக்கப்பே இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான், ஆம்ப் அப்புறம்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் மாதிரி ஆம்புகளில் 'அக்கூஸ்டிக் சிம்' என்று ஒரு சவுண்டு வகை இருக்கும். அது அக்கூஸ்டிக் கிட்டாருக்கானது இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் போலக் கேட்க வைப்பதற்கு. அந்தப் பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

படி 2: பாடவும் போகிறீர்களா?

பாடுவதென்றால் மைக்குக்குத் தனிச் சேனல், தனி வால்யூம் வேண்டும். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இதற்கென்றே வந்தது. கிட்டாருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு சேனல். தரையில் வைத்தால் முகத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். எடை 5 கிலோ சொச்சம். வாசிக்க மட்டும்தான் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 3: இப்போது வாட்ஸ்

பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால், பக்கத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கிறதா பாருங்கள். அது விளம்பரக் கணக்கு. நமக்கு வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ். அதிலும் 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, ஏறத்தாழ 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அதைவிட ஸ்பீக்கர் அளவு முக்கியம். பிளாக்ஸ்டார் ஃபிளை 3, மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் இரண்டுமே 3 வாட்ஸ்தான். முதலாவதில் 3 அங்குல ஸ்பீக்கர், இரண்டாவதில் 5 அங்குலம். தடித்த கம்பிகளை அடித்துப் பார்த்தாலே எதில் கனம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹாலுக்கும் மொட்டைமாடிக்கும் இந்த அளவே போதும். டிரம்ஸ் வந்துவிட்டால் எதுவும் எடுபடாது. மண்டபத்தில் எப்படியும் மைக் செட் போட்டிருப்பார்கள். லைன் அவுட் உள்ள ஆம்பாக இருந்தால் அங்கிருந்து ஒரு ஒயர் எடுத்து அவர்கள் மிக்சரில் கொடுத்துவிடலாம். லைன் அவுட் இல்லாத ஆம்பை நான் வாங்கமாட்டேன்.

படி 4: கரண்ட்

கரண்ட் இருக்கிற இடத்திலும் பேட்டரியில் ஓடுவது நல்லது. எர்த் சரியில்லாத பிளக்கில் போட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

செல் போடுவது, சார்ஜ் செய்வது என்று இரண்டு வகை. கேரல் ரவுண்டுக்கு என் ஓட்டு செல்லுக்குத்தான். ராத்திரி 11 மணிக்கு சார்ஜ் இறங்கினால் யார் வீட்டில் போய் ஒரு மணி நேரம் உட்காருவது? மைக்ரோ கியூபுக்கு டபுள் ஏ செல் 6 போதும். அல்கலைனாகப் பார்த்து வாங்குங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் பேட்டரி ஆம்பாக இருந்தால், சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடாப்டர் தொலைந்தால் பின் பொருந்துகிறதே என்று வேறொன்றைச் சொருகக்கூடாது. வோல்டேஜும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் ஒத்துப்போக வேண்டும்.

படி 5: எடை

ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறும்போது ஒரு தோளில் கிட்டார், இன்னொரு தோளில் பை. மீதி ஒரு கை. 3 கிலோவுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

படி 6: கடையில் சோதிப்பது

உங்கள் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். கேபிள் வாங்க வேண்டுமென்றால், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 'பி38 பின்' என்றால் கால் அங்குல ஜாக்கைத்தான் எடுத்துத் தருவார்கள்.

ஆம்ப் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துச் சொருகுங்கள். கிட்டார் வால்யூம் முழுசாக இருக்கட்டும். ஆம்பை முக்கால் அளவுக்கு ஏற்றி, வாசிக்காமல் கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு இரைச்சலைக் கவனியுங்கள். அப்புறம் ஆறாவது கம்பியை ஓங்கி அடியுங்கள். பெட்டி கடகடவென்று அதிர்ந்தால் வேண்டாம். ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் அந்த பீஸை மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு வாசல் வரை நடந்து போய்க் கேளுங்கள். கூட்டத்துக்குக் கேட்கப்போவது அந்தச் சத்தம்தான்.

வாசிக்கிற இடத்தில் ஆம்பை ஒரு நாற்காலி மேல் வையுங்கள். அக்கூஸ்டிக்கின் துளை ஸ்பீக்கருக்கு நேராக இருக்கக்கூடாது. அப்படியும் ஊளையிட்டால் வால்யூமில் கை வைக்காமல் முதலில் பேஸைக் குறைத்துப் பாருங்கள்.