அனாடமி, ஃபிசியாலஜி: முதல் வருடத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனாடமியும் (உடலமைப்பு) ஃபிசியாலஜியும் (உடலியக்கம்) சேர்ந்த அறிமுகப் பாடத்தில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். நன்றாக உழைப்பவர்கள்தான். பாடப் புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், பரீட்சைக்கு முந்தின இரவு கண் விழித்திருப்பார்கள். ஆனாலும் வினாத்தாளைப் பார்த்ததும் "இது பாடத்திலேயே இல்லையே" என்று தோன்றும். பாடத்தில் இருக்கும், அந்தக் கேள்வி கேட்கிற கோணத்தில் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

அனாடமி 'எது, எங்கே, எதற்குப் பக்கத்தில்' என்று கேட்கிறது. ஃபிசியாலஜி 'ஏன், அடுத்து என்ன ஆகும்' என்று கேட்கிறது. முதலாவதில் மனப்பாடத்துக்கு நிறையவே வேலை உண்டு; அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதையும் அதே வழியில் படிப்பதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் ஆகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

விடையைப் பிடித்துக்கொண்டு காரணத்தை விடுவது

படுத்திருக்கும் ஒருவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். புவியீர்ப்பால் கொஞ்சம் ரத்தம் கால் சிரைகளில் தேங்குகிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. வந்து சேர்ந்தது குறைவு என்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுவதும் குறைகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் அழுத்த உணரிகள் பதிந்திருக்கும் சுவர் முன்பு போல விரியவில்லை. அந்த உணரிகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் நரம்புத் துடிப்புகள் குறைகின்றன. முகுளம் இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்கி, அதை மெதுவாக்கும் எதிர்ப்பரிவு நரம்புகளை அடக்குகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. இவ்வளவும் சில நொடிகளில் நடந்து முடிகிறது.

இதை "அழுத்த உணரிகள் ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கின்றன" என்று ஒரே வரியாக மனப்பாடம் செய்தவரிடம் "விபத்தில் ரத்தம் நிறைய வெளியேறியவருக்கு நாடி ஏன் வேகமாக இருக்கிறது?" என்று கேட்டால் திணறுவார். சங்கிலியைப் புரிந்துகொண்டவருக்கு அது புதுக் கேள்வியே இல்லை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிட்டது என்பதுதான் இரண்டிலும் தொடக்கம். அதற்குப் பிறகு வரும் கண்ணிகள் எல்லாம் அதேதான்.

இப்படிப் படித்துவிட்டோமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். இதயத்துக்குப் போகும் பரிவு நரம்புச் செய்தியை ஒரு மருந்து தடுத்துவிட்டால்? எழுந்து நின்றதும் இதயத் துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. அழுத்த உணரிகளிலிருந்து வரும் நரம்பே வெட்டுப்பட்டால்? அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது என்று முகுளம் தவறாக நினைத்துக்கொண்டு அதை ஏற்றிவிடும். இப்படி நான்கைந்து கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் உங்களுடையது.

முதல் மூன்று பாடங்களைத் தாண்டிக் குதிப்பது

செல், அயனிகள், பரவல், சவ்வூடு பரவல் என்று தொடங்கும் ஆரம்பப் பாடங்களைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். "இதெல்லாம் ஸ்கூலிலேயே படித்ததுதானே, இதயம் எப்போது வரும்?" என்ற அவசரம். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் அதிகத்திலிருந்து குறைவுக்கு என்ற ஒரே விதி பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. காற்று, ரத்தம், ஆக்சிஜன், சோடியம், சிறுநீரகத்தில் வடிகட்டப்படும் திரவம் எல்லாம் தானாக நகரும்போது அப்படித்தான் நகர்கின்றன. அதற்கு எதிராக நகர்த்த வேண்டுமென்றால் உடல் ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும்.

மூச்சு விடுவதைப் பாருங்கள். காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, மார்புக்கூட்டின் கொள்ளளவு கூடுகிறது, நுரையீரலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைகிறது. அதனால் காற்று உள்ளே வருகிறது. வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் மார்புச் சுவரில் ஓட்டை விழுந்தவருக்கு நுரையீரல் ஏன் சுருங்கிப்போகிறது என்பது கடைசி வரை விளங்காது.

பழைய தவறுகளைக் கூடவே சுமந்து வருவது

தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று சின்ன வயதில் ஒட்டிக்கொண்டது பலருக்கு விலகுவதே இல்லை. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. திசையை வைத்துத்தான் பெயர். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். தொப்புள் கொடியின் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டும் மிகவும் பிடித்தமானவை. அதேபோல உடலுக்குள் நீல நிற ரத்தம் எங்கும் கிடையாது. ஆக்சிஜன் குறைந்தால் அது கருஞ்சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

நரம்புச் செல்லின் ஆக்‌ஷன் பொட்டென்ஷியலில், அதாவது அது செய்தி அனுப்பும் மின் துடிப்பில், இன்னொரு பிடிவாதமான தவறு இருக்கிறது. ஓய்வில் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருக்கும் சவ்வு, சோடியம் உள்ளே பாய்ந்ததும் சுமார் பிளஸ் 30 வரை ஏறுகிறது. அதைத் திரும்ப இறக்குவது எது? "சோடியம்-பொட்டாசியம் பம்ப்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். இறக்குவது பொட்டாசியம், தன் சேனல்கள் திறந்ததும் அது வெளியேறுவதால் சவ்வு மீண்டும் எதிர்மறைக்கு வருகிறது. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப், நீண்ட நேரத்தில் அந்தச் செறிவு வேறுபாடு கரைந்துவிடாமல் காக்கிறது. பம்பை நிறுத்திவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு நரம்பில் துடிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதைப் படிப்பு என்று நம்புவது

வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகிப்போகிறது. பழகியது தெரிந்தது போலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம்தான் ஆபத்து. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பகுதியை ஒரு குழு மீண்டும் மீண்டும் வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மீதி நேரத்தில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழு முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்த குழு தெளிவாக முந்திவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாம் தெரிந்தது போல இருந்து, செமஸ்டர் முடிவில் எல்லாம் காணாமல் போவதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

எனவே புத்தகத்தை மூடுங்கள், ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானை வரையுங்கள்; அழகாக இருக்க வேண்டியதில்லை. ரத்தம் எங்கே நுழைகிறது, எங்கே வடிகட்டப்படுகிறது, ஒவ்வொரு வளைவிலும் எது திரும்ப ரத்தத்துக்குப் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியே வருவது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரைதான். மீதி அத்தனையும் எந்த வளைவில், எப்படித் திரும்பியது என்பதை உங்கள் படம் சொல்ல வேண்டும். எங்கே கை நின்றுவிடுகிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். அப்புறம் இரண்டு நாள் கழித்து இன்னொரு வெள்ளைத் தாள்.

எண்களையும் இப்படித்தான் கையாள வேண்டும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 72 துடிப்பு என்று தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெருக்கினால் 5 லிட்டர். வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! ஓய்வில்கூட ஒரு நிமிடத்தில் மொத்த ரத்தத்தின் அளவு இதயத்தைக் கடந்துவிடுகிறது. கல்லீரல் உணவிலிருந்து புது ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் அதைக் கவிழ்த்ததற்கு இந்த மாதிரிக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம். மிகக் குறைவாக மதிப்பிட்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடலில் உள்ள மொத்த ரத்தத்தை மிஞ்சுகிறது. அத்தனையையும் புதிதாக உண்டாக்க முடியாது. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. ஒரு பெருக்கல் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள்.

படத்தை மட்டும் நம்புவது

படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உடலில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். செய்முறைத் தேர்வில் ஊசி குத்தி வைத்த இடத்தைப் பார்த்து விழிப்பதற்குக் காரணம் இதுதான். ஆய்வகத்தில் இருக்கும்போதே நிறத்தை மறந்துவிட்டு, அனுமதி இருந்தால் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். தமனியின் சுவர் தடிமன், வெட்டினாலும் வட்டமாக நிற்கும். சிரையின் சுவர் மெல்லியது, தட்டையாகப் படிந்துவிடும். நரம்பு நடுவில் துளையே இல்லாத கெட்டியான வடம். மைக்ரோஸ்கோப் ஸ்லைடிலும் அப்படியே: இளஞ்சிவப்பு என்பது சாயம் மட்டுமே, செல்லின் வடிவம், எத்தனை அடுக்கு, உட்கரு எங்கே என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கைவசம் இன்னொரு மாதிரி எப்போதும் உங்களோடு இருக்கிறது, உங்கள் உடல். முழங்கையின் கூர்மையான நுனியில் ஒரு விரலை வையுங்கள். அது அல்னா எலும்பு. அங்கிருந்து அந்த எலும்பு விளிம்பை விடாமல் தடவிக்கொண்டே சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு வரை வாருங்கள். இப்போது முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். அல்னா பெரும்பாலும் அசையாமல் நிற்கும். கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ்தான் அதன் மேல் குறுக்கே உருண்டு வரும். உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி நிற்பதை அனாடமியில் ஏன் அடிப்படை நிலையாக வைத்தார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அந்த நிலையில்தான் இரண்டு எலும்புகளும் குறுக்கிடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வலம் இடம் குழப்பமும் இதோடு சேர்ந்ததே. படத்தில் இருப்பவரின் இடதுதான் இடது. உங்கள் இடது அன்று. சின்ன விஷயம், ஆனால் இதயத்தின் நான்கு அறைகளையும் மாற்றிக் குறித்துவிட்டால் மொத்த மதிப்பெண்ணும் போய்விடும்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள்

யூரிட்டர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போவது, யூரித்ரா அங்கிருந்து வெளியே வருவது. குளுக்ககான் ஹார்மோன், கிளைகோஜன் சேமிப்புச் சர்க்கரை. இப்படிப்பட்ட ஜோடிகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி, வேறுபாட்டை ஒரே வரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உறுப்பு மண்டலங்களைத் தனித்தனிப் பெட்டியில் போடுவது

ஒவ்வொரு மண்டலமும் ஒரு பாடமாக வருவதால் ஒன்றை முடித்ததும் மூடிவிடத் தோன்றுகிறது. உடல் அப்படிப் பிரிந்து வேலை செய்வதில்லை. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுரக்கும் எரித்ரோபொயட்டின் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது; அதனால்தான் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை வருகிறது. வைட்டமின் டி-யை முழுச் செயல்வடிவத்துக்குக் கொண்டுவருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு, ஆகவே எலும்பும் அதை நம்பியிருக்கிறது. அது வெளியிடும் ரெனின் ரத்த அழுத்தத்தை ஏற்றும் தொடரைத் தொடங்கி வைக்கிறது. ரத்தத்தின் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்பதற்கு நுரையீரல் நிமிடங்களில் உதவுகிறது. சிறுநீரகம் பொறுமையாக, மணிக்கணக்கில் நாள்கணக்கில் உதவுகிறது. புதுப் பாடம் தொடங்கும்போதெல்லாம், முன்பு படித்த எதை இது தொடுகிறது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.

குழுவாகப் படிக்கும்போதும் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. ஆளுக்கொரு மண்டலம் என்று பிரித்துக்கொண்டு குறிப்பெடுத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதி மட்டும்தான் தெரியும். எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து, புத்தகத்தைப் பார்க்காமல் ஒருவர் விளக்க மற்றவர்கள் "ஏன்?" என்று குறுக்கே கேட்பதுதான் குழுவால் கிடைக்கும் உண்மையான பயன்.

கடைசியாக, திருத்தி வந்த விடைத்தாள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: படிக்கவே இல்லையா, பெயர் மாறிப்போனதா, இல்லை சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டதா. முதல் இரண்டும் அடுத்த தேர்வுக்குள் எளிதாகச் சரியாகிவிடும். மூன்றாவது வகை அதிகமாக இருந்தால், அடுத்த பாடத்துக்குப் போகும் முன் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள். "எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இந்த இடம் வரை எனக்கு வருகிறது, இதற்கு அடுத்தது எப்படி?" என்று அந்தக் கண்ணியைக் காட்டிக் கேளுங்கள்.