டிஐடியோடு படிப்பது: புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

"டிஐடி என்று சொல்லிவிட்டார்கள். என்ன படிக்கட்டும்?" என்று கேட்டு வருபவர்கள், கேட்பதற்கு முன்பே நாலைந்து புத்தகங்களைப் பாதி பாதியாகப் படித்திருப்பார்கள். தூக்கம் கெட்டிருக்கும், சாப்பாடு நேரம் தவறியிருக்கும். ஏன் இப்படி என்றால், "புரிந்துகொள்ளத்தான்" என்பார்கள். அந்த அவசரம் எனக்குத் தெரியும். நானும் பல வருடங்களாக இந்த நோயோடு வாழ்பவள்தான். இவர்கள் விழும் பள்ளங்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை.

டிஐடி என்பது டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்: ஒரே ஆளுக்குள் தனித்தனி ஆட்களைப் போன்ற அடையாளங்கள் மாறி மாறி முன்னுக்கு வருவதும், நினைவில் இடைவெளி விழுவதும். ஒரு காலத்தில் மல்டிபிள் பர்சனாலிட்டி என்றார்கள். சினிமாவில் வரும் கொலைகாரனை வைத்து உங்களை எடைபோடாதீர்கள், சீக்கிரம் குணமாக்கிவிடுவதாக அட்டையில் எழுதியிருக்கும் புத்தகத்தை வாங்காதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

வெளிவந்த ஆண்டைப் பார்க்காமல் எடுப்பது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த நோய் தனிப் பெயரோடு இடம்பிடித்தது 1980இல். இப்போதைய பெயர் வந்தது 1994இல். நடுவில் வெளிவந்த புத்தகங்கள்தான் சிக்கல். மறைந்திருக்கும் நினைவுகளை ஹிப்னாஸிஸ் செய்து தோண்டி எடுப்பதுதான் சிகிச்சை என்று அவற்றில் பல நம்பின. அப்படித் தோண்டியதில் நடக்காதவையும் நினைவுகளாக வெளிவந்தன. 90களில் இதற்காகச் சிகிச்சையாளர்கள் மீது வழக்குகளே நடந்தன.

1973இல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற 'சிபில்' இன்றும் பலருக்கு முதல் புத்தகம். அதன் கதாநாயகியாகச் சொல்லப்பட்ட பெண் 1958இலேயே தன் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்: எனக்குப் பல ஆளுமைகள் கிடையாது, நடித்தேன் என்று. மருத்துவர் அதைச் சிகிச்சைக்குப் பயந்து சொல்லும் மறுப்பாக எடுத்துக்கொண்டார். அந்தக் கடிதம் எதைக் காட்டுகிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. சண்டை ஓயாத புத்தகத்தில் போய் உங்களைத் தேடாதீர்கள், அவ்வளவுதான்.

பிறர் பட்ட கொடுமையில் தொடங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நோயின் பெயர் தெரிந்து இன்னும் அதிர்ச்சி அடங்காத ஒருவரிடம், சிறுவயதில் நடந்த வன்கொடுமைகளை ஒன்றுவிடாமல் விவரிக்கும் சுயசரிதையைக் கொடுத்து, "படி, உன்னையே பார்ப்பாய்" என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் படித்தது சிகிச்சையில் பல வருடங்கள் கழிந்த பிறகு. வாங்கிக்கொள்பவருக்கோ இன்று என்ன கிழமை என்பதே சில நாள் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர்கள் ஆழம் தெரிந்தே அடுத்தவரைத் தள்ளிவிடுகிறார்கள்.

சிகிச்சைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பிரான்ஸில் உளவியலாளர் பியேர் ஜானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கு வழி காட்டியவர். பெரியவர்களுக்கான டிஐடி சிகிச்சை வழிகாட்டியின் 2011 பதிப்பும் அதையேதான் சொல்கிறது. முதலில் பாதுகாப்பு, அன்றாடத்தை நிலைப்படுத்துவது. அதன் பிறகுதான் நடந்ததை எடுத்துப் பேசுவது. கடைசியில் பிரிந்து கிடக்கும் பகுதிகளின் ஒருங்கிணைப்பும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையும். முதல் கட்டம் மட்டுமே வருடக்கணக்கில் போகலாம். முன்னும் பின்னும் போய்வருவதும் உண்டு. இப்படிப்பட்ட சுயசரிதையோ மூன்றாவது பக்கத்திலேயே உங்களை இரண்டாவது கட்டத்துக்கு இழுத்துப் போய்விடும். தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க மாட்டார். நிறுத்தச் சொல்ல ஆளே கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஒரு புத்தகத்தைச் சனிக்கிழமை காலையில் எடுத்தாள். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது செவ்வாய்க்கிழமை மதியம். அலுவலகத்துக்கு யாரோ போன் செய்து லீவு சொல்லியிருக்கிறார்கள். யார் என்று பார்த்தால் அவள்தான். இது வரைக்கும்கூடச் சமாளித்துவிடலாம். டிஐடி உள்ளவர்களுக்கு நாட்கள் காணாமல் போவது புதிதில்லை.

சமாளிக்க முடியாதது பிறகு வந்தது. அந்தப் புத்தகத்தில் மாடிப்படிக்குக் கீழே பூட்டிய ஓர் அறை வரும். சில மாதம் கழித்து அதே அறை அவள் கனவில் வந்தது. பிறகு பகலிலும் வந்தது, அவளுடைய நினைவாகவே. "எந்த வீட்டில்?" என்று அக்கா கேட்டாள். பதில் இல்லை. மனித மூளை ஒரு காட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சுலபமாகத் தொலைத்துவிடும். இது எல்லோருக்கும் பொது. நினைவே துண்டு துண்டாக இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறை அவள் வாழ்க்கையிலிருந்து வந்ததா, புத்தகத்திலிருந்து வந்ததா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, அவளுடைய தெரபிஸ்டாலும் சொல்ல முடியவில்லை.

சரி, ஒரு அறைதானே என்று விடலாமா? விட முடியாது. அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, சந்தேகமில்லாமல் அவளுக்குத் தெரிந்திருந்த விஷயங்கள் சில உண்டு. அக்காவும் ஒப்புக்கொண்டவை. இப்போது அவற்றின் மேலும் கேள்வி விழுந்துவிட்டது. "இதுவும் படித்ததாக இருக்குமோ" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதைவிட மோசம், அவளே கேட்டுக்கொள்கிறாள். கடன் வாங்கிய ஒரு காட்சி, சொந்தமாக இருந்த நினைவுகளின் மதிப்பையும் கெடுத்துவிட்டுப் போனது. "உன்னையே பார்ப்பாய்" என்று சொன்னவர் இதற்கெல்லாம் வந்து பதில் சொல்லவில்லை.

அப்போ எதில் தொடங்குவது? இன்றைய நாளைப் பற்றிப் பேசும் புத்தகத்தில். தூக்கம், நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சிகள், எது எதனால் ஸ்விட்ச் ஆகிறது, அதாவது உள்ளே இருக்கும் இன்னொருவர் முன்னுக்கு வருகிறார் என்று கவனிப்பது, உள்ளே இருப்பவர்களோடு பேசத் தொடங்குவது இவையெல்லாம் இருக்க வேண்டும். சுசெட் பூன், கேத்தி ஸ்டீல், ஓனோ வான் டெர் ஹார்ட் மூவரும் 2011இல் கொண்டுவந்த பயிற்சிக் கையேடு இந்த வகை. சிகிச்சை பெறுபவரும் தெரபிஸ்டும் சேர்ந்து பயன்படுத்த எழுதியது. சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் வீட்டில் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி. பரபரப்பே இருக்காது. அதுதான் அதன் நல்ல குணம்.

சுயசரிதை படித்தே ஆக வேண்டும் என்றால், முன்பே படித்த ஒருவரிடம் எந்தப் பக்கங்களைத் தாண்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மனிதர் வேலைக்கு எப்படிப் போனார், வீட்டை எப்படி நடத்தினார், உள்ளே இருந்த கோபக்காரனோடு எப்படிச் சமரசம் ஆனார் என்கிற பகுதிகள் பெரும்பாலும் பின்பாதியில் இருக்கும். உங்களுக்குத் தேவை அதுதான். ஒரு கடினமான பக்கத்தை மூடிய கொஞ்ச நேரத்தில் தேதியும் இடமும் சொல்லி, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்ப முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒரே ஆள்தான் படிக்கிறோம் என்று நினைப்பது

புத்தகம் உங்கள் கையில் இருக்கலாம். கண் எல்லோருக்கும் பொது. பெரியவளாக நீங்கள் நிதானமாகப் படிக்கும் பத்தி, உள்ளே இருக்கும் சின்னப் பிள்ளைக்கு இப்போதே நடப்பதாகத் தோன்றலாம். இன்னொருவருக்கு அது காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும். புத்தகம் காணாமல் போகும். என்னுடைய ஒரு கையேட்டின் ஓரத்தில், என் கையெழுத்தே இல்லாத எழுத்தில் "சுத்தப் பொய்" என்று இருக்கிறது. இரண்டு அத்தியாயம் தள்ளி அதே கையெழுத்தில் "இது பரவாயில்லை". யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுதாகத்தான் படித்திருக்கிறார்!

திறப்பதற்கு முன், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் படிக்கப்போகிறோம் என்று உள்ளே சொல்லிவிடுங்கள். வேண்டாதவர்கள் ஒதுங்கிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. புத்தகத்துக்குள்ளேயே ஒரு தாளை வைத்துத் தேதி, பக்கம், மனசில் நின்ற ஒரு வரி இவற்றைக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப முதல்முறை போலப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

தெரபிஸ்டுகளுக்கு எழுதியதை முதலிலேயே எடுப்பது

அந்தப் பக்கங்களில் நீங்கள் ஒரு கேஸ். அதைத் தாங்கும் தெம்பு வந்த பிறகு படித்தால் நிறையவே கிடைக்கும்.

"இந்த நோயே கிடையாது" என்பவர்களைப் படிப்பது

படிக்கலாம். டிஐடி உருவாவதில் சிகிச்சையாளரின் தூண்டுதலுக்கும் ஊடகத்துக்கும் பங்கு உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கவனமாக எழுதுபவர்கள். ஆனால் "நான் நடிக்கிறேனோ" என்கிற சந்தேகம் இந்த நோயோடு கூடவே வருகிற ஒன்று. அது உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வித்தாளில் வரும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

1986இல் வந்த, 28 கேள்விகள் கொண்ட டிஇஎஸ் (டிசோசியேட்டிவ் எக்ஸ்பீரியன்ஸஸ் ஸ்கேல்) என்கிற அளவுகோல் பல புத்தகங்களின் பின்னிணைப்பில் இருக்கும். மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமா என்று பார்க்கத்தான் அது. டிஐடி இருக்கிறது என்றோ இல்லை என்றோ அது சொல்லாது.

அடுத்தவரின் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவது

உங்களுக்கு எதற்கு அது?

ராத்திரியில் படிப்பது

வேண்டாம். கையேடாக இருந்தாலும் வேண்டாம்.